அன்றாட செடானை ஆட்டோகிராஸுக்குத் தயார்செய்வது: காற்றில் தொடங்கி ஸ்பிரிங்கில் முடியும் வரிசை

திங்கள் முதல் சனி வரை வேலைக்கும் பள்ளிக்கும் ஓடும் காரை ஞாயிற்றுக்கிழமை கோன்களுக்கு நடுவே ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிட்டி, வெர்னா, விர்டஸ், ஸ்லாவியா போன்ற முன்சக்கர இழுவை செடான்கள்தான் என் கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் முன்னால் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் சஸ்பென்ஷன்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொள்ளும் குறுக்குத் தண்டு). அதனால் ஒன்றுக்குச் சொல்வது பெரும்பாலும் மற்றதுக்கும் பொருந்தும்.

ஆட்டோகிராஸில் ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். கோன் வைத்துப் பாதை போட்டிருப்பார்கள், போட்டி கடிகாரத்தோடு. மண் தரையில் நடப்பதும் உண்டு. அதற்குக் காரை உயர்த்தி மென்மையாக்க வேண்டும், அது வேறு வேலை. இங்கே சொல்வது தார், கான்கிரீட் தரைக்கு.

புதியவர்கள் தடுக்கி விழுவது வரிசையில்தான். முதல் மாதமே காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போட்டுவிடுகிறார்கள். கார் முன்பைவிட மோசமாகத் திரும்புகிறது, எதனால் என்று பிடிபடுவதில்லை. செலவே இல்லாத காற்றழுத்தத்தில் தொடங்கி, அலைன்மென்ட், டயர், ஸ்டெபிலைசர் பார் (வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கும் கம்பி), ஷாக் என்று போய்க் கடைசியில் ஸ்பிரிங்குக்கு வாருங்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படி சரியாக இருந்தால்தான் பேசும்.

1. இடமும் அனுமதியும்

பொதுச் சாலையில் இதில் எதையும் செய்து பார்க்கக் கூடாது. தொப்பூர் கணவாய் இறக்கத்தையோ ஒகேனக்கல் சாலையின் வளைவுகளையோ சோதனைத் தடமாக நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எதிரே வருபவர் தக்காளி ஏற்றிய மினி லாரிக்காரர், அவருக்கு உங்கள் சோதனை பற்றி எதுவும் தெரியாது. மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவதும் அதில் கலந்துகொள்வதும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189-இன்படி குற்றம்.

போட்டிக்கு, இந்திய மோட்டார் விளையாட்டு கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. அங்கீகாரம் உள்ள கிளப்புகள் நடத்தும் நிகழ்ச்சிகளைத் தேடுங்கள். தருமபுரி, ஓசூர் பக்கத்து நமக்கு அருகில் பெங்களூரு, அடுத்து கோவையும் சென்னையும். பதிவு செய்யும் முன் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். உங்கள் கார் எந்தப் பிரிவில் வரும், என்ன மாற்றத்துக்கு அனுமதி, எந்த உரிமம் வேண்டும், எந்தத் தரத்து ஹெல்மெட் செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இதை முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: சின்னதாக ஒரு பாகத்தை மாற்றினாலே கார் பெரிய பிரிவுக்குத் தள்ளப்பட்டுவிடலாம்.

பயிற்சிக்குத் தனியார் இடம் வேண்டும். ஓடாத தொழிற்சாலையின் முற்றம், விடுமுறையில் கல்லூரி வாகன நிறுத்தம் போன்றவை. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பாதையைச் சுற்றி நாலு பக்கமும் 20 மீட்டராவது கம்பம், மரம், சுவர், வடிகால் இல்லாத வெற்றிடம் இருக்கட்டும். கிரானைட் யார்டு என்றால் முதலில் தரையைப் பெருக்குங்கள். கல்தூள் படிந்த கான்கிரீட்டில் எந்த டயரும் பிடிக்காது, அதில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: வழக்கமான கார் இன்ஷூரன்ஸ் பாலிசி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்பட்டிருக்கும். கோனுக்குப் பதில் சுவரில் இடித்தால் செலவு உங்களுடையது.

2. கார் நலமாக இருக்கிறதா

தேய்ந்த புஷ்ஷை (பாகங்கள் இணையும் இடத்து ரப்பர் உறை) வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது வீண். இயந்திரத்தில் காட்டும் எண் சாலையில் நிற்காது. அதனால் காரை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, இவற்றைப் பாருங்கள்: லோயர் ஆர்ம் புஷ் ரப்பர் கிழிந்திருக்கிறதா, பால் ஜாயின்ட்டில் ஆட்டம் உண்டா, டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைப்பது), லிங்க் ராட் (ஸ்டெபிலைசர் பாரை இணைப்பது), ஸ்ட்ரட் மவுண்ட், வீல் பேரிங்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் தளர்வு பெரும்பாலும் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். இடமும் வலமுமாக ஆட்டினால் வருவது டை ராட். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தினமும் வேகத்தடை ஏறி இறங்கும் கார்களில் லிங்க் ராட்டும் ஸ்ட்ரட் மவுண்ட்டும் சீக்கிரம் தளர்கின்றன. சின்ன 'டக் டக்' சத்தம்தானே என்று விடாதீர்கள்.

ஷாக்கின் வெளிப்பக்கம் எண்ணெய் ஈரம் தெரிந்தால் அது முடிந்த ஷாக். கார் மூலையை அமுக்கி விட்டுப் பார்க்கும் பழைய சோதனை, முழுக்கச் செத்த ஷாக்கை மட்டுமே காட்டும். பாதி தேய்ந்தது அதில் தப்பிவிடும்.

பிரேக் பேட் பாதிக்கு மேல் இருக்கட்டும். பிரேக் ஆயில் இரண்டு வருடத்தைத் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும், மூன்றாவது ஓட்டத்தில் பெடல் பஞ்சு போலாகும். டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டிய டயரில் பட்டன் ஆழம் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும்.

3. கையில் இருக்க வேண்டியவை

நல்ல டிஜிட்டல் டயர் கேஜ் ஒன்று. பெட்ரோல் பங்க் கேஜை நம்பாதீர்கள். இரண்டு பங்குகளுக்குள் 2, 3 பி.எஸ்.ஐ. வித்தியாசம் வந்தால், அடுத்த படியில் நீங்கள் செய்யப்போகும் மாற்றம் முழுவதும் அந்த வித்தியாசத்துக்குள் மறைந்துபோகும்.

காற்றடிக்கும் சின்ன பம்ப், சாக்பீஸ், 30 மீட்டர் டேப், டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பேனர்), கோன்கள், கபடிக் கோடு போடும் சுண்ணாம்புத் தூள். அப்புறம் ஒரு நோட்டு, பேனா. கோனைச் சுற்றிச் சுண்ணாம்பில் கட்டம் போட்டால்தான் இடித்த கோன் அதே இடத்துக்குத் திரும்பும். ஒரு கோன் அரை மீட்டர் நகர்ந்தாலே பாதை மாறிவிட்டது, முந்தைய நேரத்தோடு ஒப்பிட முடியாது.

4. எதையும் தொடும் முன் அடிப்படை அளவு

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். மாற்றத்துக்கு முன் கார் என்ன செய்தது என்று தெரியாவிட்டால், மாற்றிய பின் நன்றாகிவிட்டதாகத் தோன்றுவது செலவழித்த பணம் தரும் திருப்தியாகவும் இருக்கலாம்.

இரண்டு சோதனை போதும். முதலாவது வட்டம். கார் நடுப்பகுதி 15 மீட்டர் ஆரத்தில் சுற்றும்படி கோன் வையுங்கள். இரண்டாம் கியரில் மெல்ல வேகம் ஏற்றி, முன்சக்கரம் கோட்டை விட்டு வெளியே போகத் தொடங்கும் எல்லையில் நிலையாகச் சுற்றி, ஒரு சுற்றின் நேரத்தை எடுங்கள். 9 வினாடி வந்தால் வேகம் மணிக்கு சுமார் 38 கிலோமீட்டர், பக்கவாட்டுப் பிடிப்பு ஏறத்தாழ 0.75 ஜி, அதாவது புவியீர்ப்பில் முக்கால் பங்கு. 8.7 வினாடி வந்தால் 0.8 ஜி. இடம், வலம் இரண்டு பக்கமும் எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மோசமாக இருந்தால் அலைன்மென்ட்டில் கோளாறு இருக்கலாம்.

இரண்டாவது வளைந்து வளைந்து போகும் ஸ்லாலம். 18 மீட்டர் இடைவெளியில் ஐந்து கோன் போதும். வட்டம் காரின் நிலையான பிடிப்பைக் காட்டும், ஸ்லாலம் திசை மாறும்போது அது எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதைக் காட்டும். ஷாக்கும் டோவும் (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் அளவு, 7-ஆம் படியில் வரும்) ஸ்லாலத்தில்தான் தெரியும்.

நேரத்தைப் போன் வீடியோவில் எடுத்துப் பின்னால் பார்த்துக் குறியுங்கள். கையால் ஸ்டாப்வாட்ச் அமுக்கும்போது விரல் தாமதமே 0.2 வினாடியைத் தின்றுவிடும். நோட்டில் தேதி, வெயில், டயர் அழுத்தம் ஓடும் முன்னும் பின்னும், நேரம், இடித்த கோன், அதோடு வளைவில் நுழையும்போது, நடுவில், வெளியேறும்போது கார் எப்படி நடந்தது என்று மூன்று வார்த்தை எழுதுங்கள்.

ஒரே அமைப்பில் மூன்று ஓட்டம் எடுங்கள். மூன்றுக்குள்ளேயே அரை வினாடி ஏற்றத்தாழ்வு இருந்தால், 0.3 வினாடி முன்னேற்றத்தை எந்தப் பாகத்தின் கணக்கிலும் எழுத முடியாது. ஏற்றத்தாழ்வு சுருங்கும்வரை ஓட்டிப் பழகுங்கள்.

5. கோளாறு காரிலா, கையிலா

"முன்பக்கம் வெளியே தள்ளுது அண்ணா, ஸ்பிரிங் மாத்தணுமா?" என்று கேட்கும் பத்துப் பேரில் பெரும்பாலானவர்களுக்கு ஸ்டீயரிங்கை அளவுக்கு மீறித் திருப்பும் பழக்கம் இருக்கிறது. முன் டயர் வழுக்கத் தொடங்கிய பிறகு இன்னும் திருப்பினால் பிடிப்பு கூடாது, குறையும்.

சோதிப்பது எளிது. வட்டத்தில் கார் வெளியே தள்ளும்போது, ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்து, ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள். கார் கோட்டுக்குத் திரும்பினால் பழுது கையில். திரும்பாமல் அப்படியே போனால் மேலே படியுங்கள்.

இருக்கையையும் பாருங்கள். தோளை இருக்கையில் சாய்த்தபடி, மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படும் தூரம் சரியானது. கைகள் 9 மணி, 3 மணி நிலையில். கண் பக்கத்துக் கோனில் இருக்கக் கூடாது, அடுத்ததற்கு அடுத்த கோனில் இருக்க வேண்டும். ஸ்லாலத்தில் கோனைத் தாண்டிய பிறகு திருப்பினால் ஒவ்வொரு கோனுக்கும் தாமதம் கூடிக்கொண்டே போய் நான்காவதில் பாதை கையை விட்டுப் போகும். கோன் வரும் முன்பே திருப்பத்தின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். முதல் கோனில் சரியாக வந்தால் மற்றவை தானாக வரும்.

ஈ.எஸ்.சி. (கார் வழுக்கும்போது தானாகக் குறுக்கிட்டுக் கட்டுப்படுத்தும் அமைப்பு) பொத்தானை ஆரம்பத்தில் தொடாதீர்கள். எந்த வளைவில் அது குறுக்கிடுகிறது என்பதே உங்கள் கை எங்கே முரடாக இருக்கிறது என்று சொல்லிவிடும்.

6. காற்றழுத்தம்

செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய மாற்றம் இதுதான். ஒரு நாள் முழுவதையும் இதற்கே கொடுங்கள்.

கார்க் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணை சொகுசுக்கும் மைலேஜுக்கும் எழுதியது. கடும் வளைவில் அந்த அழுத்தத்தில் டயரின் தோள் மடிந்து, பக்கச்சுவர் தரையில் உருளும். முன்சக்கரங்களில் அட்டவணையைவிட 4 பி.எஸ்.ஐ. கூட்டித் தொடங்குங்கள். அட்டவணை 33 என்றால் 37. பின்னாலும் அதே அளவு. பக்கச்சுவரில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தை டயர் சூடாக இருக்கும்போதும் தாண்டக் கூடாது.

டயரின் தோளில், ஓடுதளம் முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதன் மேலும் கீழும் குறுக்காகச் சாக்பீஸால் கோடு போட்டு, சுற்றளவில் மூன்று இடத்தில் இதைச் செய்து, ஒரு ஓட்டம் ஓட்டி வாருங்கள். சாக்பீஸ் முக்கோணத்தின் முனையைத் தாண்டிப் பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் அழுத்தம் போதாது. முனைக்கு வெகு முன்பே அழியாமல் நின்றால் அழுத்தம் அதிகம். முனை வரை அழிந்திருந்தால் சரி. ஒரு தடவைக்கு 2 பி.எஸ்.ஐ. மாற்றுங்கள், நெருங்கியதும் 1.

முன்பக்கம் தீர்ந்த பிறகுதான் பின்பக்கம். முன்சக்கர இழுவைக் காரில் பின் டயரை 2 முதல் 4 பி.எஸ்.ஐ. கூட்டினால் பின்பக்கப் பிடிப்பு சற்றே குறைந்து கார் எளிதாகத் திரும்பும். பெரிய செலவில் ஸ்டெபிலைசர் பார் செய்யும் வேலையின் மாதிரி இது. இந்தக் குணம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று காற்றில் பார்த்துக்கொண்டு பிறகு பணம் போடலாம்.

நம் ஊர்க் கணக்கு ஒன்று உண்டு. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதில் ஏறத்தாழ பாதி. தருமபுரியில் வைத்த அழுத்தம் ஓசூர் போனால் உயரத்தால் அரை பி.எஸ்.ஐ.க்கு மேல் கூடிக் காட்டும். காலைக் குளிரோ அதைக் குறைக்கும்: 5, 6 டிகிரிக்குச் சுமார் 1 பி.எஸ்.ஐ. இந்த இரண்டும் சரியாகக் கழிந்துவிடும் என்று நம்பக் கூடாது. போட்டியிடம் போய், நிழலில் ஒரு மணி நேரம் நிறுத்தி, அங்கே அளந்து வையுங்கள். வெயில் ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அந்தப் பக்க டயர்கள் மட்டும் ஏறியிருக்கும், காரைத் திருப்பி நிறுத்துங்கள்.

ஓட்டத்துக்கு ஓட்டம் சூட்டில் அழுத்தம் ஏறும். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் அளந்து, நீங்கள் கண்டுபிடித்த சூடான அளவுக்கு இறக்குங்கள். குளிர்ந்த அளவு நினைவில் இருந்தால் மட்டும் போதாது.

7. அலைன்மென்ட்

செடான் பழைய சொகுசை இழக்காமல் கூர்மையாவது இங்கேதான். கடைக்காரரிடம் "நல்லா வைங்க" என்று விட்டால் கம்பெனி எண்ணை வைத்து அனுப்பிவிடுவார், அவர் மேல் தப்பில்லை. எண்ணோடு போங்கள்.

வளைவில் உடல் மூன்று, நான்கு டிகிரி சாயும்போது வெளிப்புற முன் டயரும் கூடவே சாய்ந்து, தன் வெளித்தோளில் மட்டும் நிற்கும். மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் இதைத் தானாகச் சரிசெய்வது மிகக் குறைவு. அதனால் முன்கூட்டியே சக்கரத்தின் மேற்பகுதியை உள்ளே சாய்த்து வைக்கிறோம், அதாவது நெகட்டிவ் கேம்பர். கம்பெனி அளவு பெரும்பாலும் அரை டிகிரி அளவில்தான் இருக்கும். தினமும் ஓடும் காருக்கு முன்னால் மைனஸ் 1.5 முதல் மைனஸ் 2 டிகிரி நல்ல இடம்.

அதை எப்படிக் கொண்டுவருவது என்பது காரைப் பொறுத்தது. ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு இரண்டு போல்ட்டில் இணையும் கார்களில், சிட்டி மாதிரி, மேல் போல்ட்டுக்குப் பதில் கோணத்தை மாற்றவிடும் கேம்பர் போல்ட் போட்டால் ஒரு டிகிரியைத் தாண்டிக் கிடைக்கும். விர்டஸ், ஸ்லாவியா போன்றவற்றில் ஸ்ட்ரட் நக்கிளுக்குள் செருகிக் கவ்வப்பட்டிருக்கும், இந்தப் போல்ட் அதில் வேலை செய்யாது. மேலே, ஸ்ட்ரட்டின் தலையை நகர்த்தி அமைக்கும் கேம்பர் பிளேட் போடுவதுதான் வழி. அது சாலைச் சத்தத்தை உள்ளே கொண்டுவரும், குடும்பத்தோடு பேசிவிட்டுப் போடுங்கள்.

டோ என்பது மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் உள்நோக்கியா வெளிநோக்கியா நிற்கின்றன என்ற அளவு. கொஞ்சம் வெளிநோக்கி வைத்தால் கார் துள்ளித் திரும்பும், ஆனால் 44-ஆம் நெடுஞ்சாலையில் நூறில் போகும்போது நேராக நிற்காமல் அலையும், டயரும் உள்பக்கம் தேயும். தினமும் ஓசூர் போய்வரும் காருக்கு முன் டோ பூஜ்யம் என்பதே என் தேர்வு. டயரின் உள்விளிம்பைச் சீக்கிரம் தின்பது பெரும்பாலும் டோதான், பழி மட்டும் கேம்பர் மேல் விழுகிறது.

கடையில் வேலை நடக்கும் வரிசை முக்கியம். முதலில் நாலு டயரிலும் சரியான காற்று, பாதி டேங்க் பெட்ரோல், ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஈடாக அரிசி மூட்டை. 25 கிலோ சிப்பம் மூன்று வைத்தால் 75 கிலோ. ஓட்டும்போது நீங்கள் உள்ளே இருப்பீர்கள், அளக்கும்போது இல்லாவிட்டால் வலப்பக்க அளவு மாறும். அப்புறம் கேம்பர், கடைசியில்தான் டோ. கேம்பரை அசைத்தால் டோவும் அசையும் என்பதால் மாற்றி வைத்தால் முதல் வேலை பாழ். "அண்ணா, டோவைக் கடைசியில வைங்க, ஸ்டீயரிங்கை நேரா பூட்டிட்டு வைங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என அளவு அச்சிட்ட இரண்டு தாளையும் வாங்கி நோட்டில் ஒட்டுங்கள்.

கேம்பர் போல்ட்டை அதன் டார்க் அளவுக்கு இறுக்கி, தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை பெயின்ட் கோடு ஒன்று போடுங்கள். குழியில் இறங்கி அது நழுவினால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

பின்பக்க டார்ஷன் பீமில் கேம்பரோ டோவோ மாற்ற ஏற்பாடு கிடையாது, அளந்து மட்டும் பாருங்கள். இரண்டு பக்கமும் வெகுவாக வேறுபட்டால் பீம் எங்கோ அடிபட்டிருக்கிறது.

8. டயர்

உங்கள் நேரங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்த பிறகு வாங்குங்கள். அதே அளவு, அதே சுமை எண், மென்மையான ரப்பர். பக்கச்சுவரில் தேய்மானத்தைக் குறிக்கும் ட்ரெட்வேர் எண் குறைவாக இருந்தால் பொதுவாகப் பிடிப்பு கூடுதல், ஆயுள் குறைவு. புது டயர் போட்டால் காற்றழுத்தச் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும், பழைய எண் செல்லாது.

9. ஸ்டெபிலைசர் பார்

இதைத் தொடும் முன் ஒரு கணக்கு. ஓட்டுநரோடு 1300 கிலோ கார், எடைமையம் தரையிலிருந்து 0.55 மீட்டர், இரண்டு சக்கரத்துக்கு நடுவே 1.5 மீட்டர், 0.8 ஜி வளைவு. பெருக்கி வகுத்தால் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறும் சுமை சுமார் 380 கிலோ. எந்த ஸ்பிரிங் போட்டாலும், எந்த பார் போட்டாலும் இந்த மொத்தம் ஏறத்தாழ மாறாது. முன் அச்சு எவ்வளவு, பின் அச்சு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இரட்டிப்புச் சுமை ஏறிய டயர் இரட்டிப்புப் பிடிப்பைத் தராது, அதைவிடக் குறைவாகவே தரும். எந்த அச்சில் சுமை மாற்றம் அதிகமோ அந்த அச்சு பிடிப்பை இழக்கும். முன்சக்கர இழுவைக் காரில் முன் டயர்களுக்குத் திருப்பும் வேலை, இழுக்கும் வேலை இரண்டும் இருப்பதால், பின்பக்கத்தை விறைப்பாக்கிச் சுமை மாற்றத்தின் பெரும்பங்கை அங்கே தள்ளுகிறோம். முன்பக்கம் மூச்சு விடும்.

அதனால்தான் தடித்த முன் பார் வாங்கிப் போட்டவர்களின் கார் தட்டையாகத் தெரிந்தாலும் முன்னைவிட வெளியே தள்ளுகிறது. உடல் சாய்வு குறைந்ததைக் கண் பார்க்கிறது, முன் டயர் பிடிப்பை இழந்ததை நேரம் காட்டுகிறது.

டார்ஷன் பீமே ஓரளவு பார் போல முறுக்கிக்கொள்ளும். சில மாடல்களுக்குப் பீமோடு சேர்த்துப் பூட்டும் கூடுதல் பார் கிடைக்கிறது. போட்ட பின் வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு. பயப்பட வேண்டியது மழையில் நெடுஞ்சாலை வளைவில் சட்டென ஆக்சிலரேட்டரை விடும்போது. பின்பக்கம் வெளியே வீசும். வீட்டில் வேறு யாரும் அந்தக் காரை ஓட்டுவார்கள் என்றால், மெல்லிய பார் போதும். நான் அப்படித்தான் சொல்வேன், நேரம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை.

10. ஷாக்

ஷாக் மொத்தச் சுமை மாற்றத்தைத் தீர்மானிப்பதில்லை, எவ்வளவு சீக்கிரம் மாறும் என்பதைத்தான் தீர்மானிக்கிறது. வட்டச் சோதனையில் ஷாக் மாற்றம் தெரியவே தெரியாது. ஸ்லாலத்தில் பாருங்கள்.

திருகி அமைக்கும் ஷாக் வாங்கினால், திருகை வலிந்து இறுக்காமல் முழு விறைப்பு வரை மூடி அங்கிருந்து எத்தனை கிளிக் திறக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். அப்போதுதான் நாலு மூலையும் ஒரே கணக்கில் வரும். வலிந்து திருகினால் உள்ளே ஊசி கெடும். முழு மென்மையில் தொடங்கி, நாலையும் சேர்த்து இரண்டிரண்டு கிளிக்காக ஏற்றுங்கள். திசை மாறியபின் கார் ஒரு முறை ஆடி அடங்கினால் போதும், அங்கே நிறுத்துங்கள். அதன்பிறகும் ஏற்றினால் கரடான கான்கிரீட்டில் டயர் தத்தித் தத்திப் போகும்.

'லோ ஸ்பீடு' டேம்பிங் (ஷாக் ஆட்டத்தை அடக்கும் விசை) என்பது காரின் வேகம் பற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். அது ஷாக் தண்டு நகரும் வேகம். ஸ்டீயரிங் திருப்பும்போது உடல் சாய்வது மெல்லிய நகர்வு, குழியில் இறங்குவது வேகமான நகர்வு.

11. ஸ்பிரிங் கடைசியில்

மேக்ஃபெர்சன் காரை 30 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் இறக்கினால் லோயர் ஆர்ம் கிடைநிலையைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். ரோல் சென்டர் (உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) எடைமையத்தைவிட அதிகமாகக் கீழே போகும், இரண்டுக்கும் நடுவிலான நெம்புகோல் நீளமாகும். ஸ்பிரிங் விறைப்பு கூடியும் கார் எதிர்பார்த்த அளவு தட்டையாகாது. போதாததற்கு ஷாக் பம்ப் ஸ்டாப்பில் (கடைசியில் தடுக்கும் ரப்பர்) போய் மோதும்போது அந்த மூலை கல்லாக இறுகி, பிடிப்பு ஒரே நொடியில் போகும்.

மோதுகிறதா என்று பார்க்க, ஷாக்கின் தூசி உறையை மேலேற்றி, தண்டில் ஒரு கேபிள் டை கட்டி, அதை அடியில் தள்ளி வையுங்கள். ஓட்டம் முடிந்ததும் அது எங்கே நிற்கிறது என்று பார்த்தால் தண்டு எவ்வளவு உள்ளே போனது என்பது தெரியும்.

ஸ்பிரிங் வாங்குவதானால் 20 மில்லிமீட்டர் அளவில் இறங்குவதை, அதற்குப் பொருந்தும் ஷாக்கோடு சேர்த்து வாங்குங்கள். விறைத்த ஸ்பிரிங்கைப் பழைய ஷாக்கால் அடக்க முடியாது. பென்னாகரம் பக்கத்து வேகத்தடைகளில் நாலு பேரோடு ஏறி இறங்கிப் பார்த்த பிறகே போட்டி பற்றி யோசியுங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறேன், சூடாக்கி உட்காரவைக்கிறேன் என்று சொல்லும் கடைக்குள் நுழையவே வேண்டாம். வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இடத்தை விட்டு நழுவலாம். சூடாக்கிய எஃகு தன் பதத்தை இழந்து நாளுக்கு நாள் அமுங்கும், எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

சட்டம்: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் அளவுக்குக் காரை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. எதையும் பூட்டும் முன் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

12. ஒன்றை மாற்று, ஓட்டு, திரும்ப வை

ஆறாவது படியிலிருந்து இதுவரை வந்த எல்லாவற்றுக்கும் ஒரே முறை. பழைய அமைப்பில் மூன்று ஓட்டம், ஒன்றை மட்டும் மாற்றி மூன்று ஓட்டம், மறுபடி பழைய அமைப்பில் இரண்டு ஓட்டம். கடைசி இரண்டைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். காலை எட்டு மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவே தரைச் சூடு மாறும், பாதையில் ரப்பர் படியும், உங்கள் கையும் பழகும். திரும்ப வைத்தபோது நேரம் பழையபடி ஏறினால்தான் குறைந்ததற்குக் காரணம் அந்த மாற்றம்.

13. போட்டி நாள்

டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கியை எடுக்கலாமா என்று விதியில் பாருங்கள். ஓட்டுநர் பக்க மிதியடியை அவசியம் எடுங்கள், அது நகர்ந்து பெடலுக்கு அடியில் போகும். தண்ணீர் பாட்டில், டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையார், கண்ணாடியில் தொங்கும் மாலை எல்லாவற்றையும் பத்திரமாக வெளியே வையுங்கள். பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே போக வேண்டாம், நீண்ட வளைவில் எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் திணறலாம். வீல் போல்ட்டுகளை உங்கள் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்குங்கள்.

பாதையைக் குறைந்தது மூன்று முறை நடந்து பாருங்கள். முதல் முறை திசை தெரிய. இரண்டாம் முறை உட்கார்ந்த கண் உயரத்தில் குனிந்து, எந்தக் கோன் எதை மறைக்கிறது என்று பார்க்க. மூன்றாம் முறை, எந்த வளைவுக்குப் பின்னால் நீண்ட நேர்ப்பாதை வருகிறது என்று குறிக்க. அந்த வளைவில் நுழையும் வேகத்தைத் தியாகம் செய்து, வெளியேறும் வேகத்தைக் காப்பாற்றுங்கள்.

முதல் ஓட்டத்தில் கோன் எதையும் தொடாமல் முடிப்பதே குறி. ஒரு கோனுக்கு எத்தனை வினாடி தண்டனை என்பது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. என்ற கார் விளையாட்டு கிளப்பின் விதியில் கோனுக்கு 2 வினாடி. அந்த இரண்டு வினாடியைச் சஸ்பென்ஷன் எதுவும் திருப்பித் தராது. அன்றைக்குக் காற்றழுத்தம் தவிர வேறெதையும் மாற்றாதீர்கள்.

ஓட்டம் முடிந்து வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். சூடான பிரேக்கை ஒரே இடத்தில் கவ்விப் பிடித்து வைத்திருக்க வேண்டியதில்லை. டர்போ இன்ஜினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

14. வீட்டுக்குக் கிளம்பும் முன்

டயர் ஆறியதும் அட்டவணை அழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். வீல் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் பாருங்கள். நாலு டயரின் தோள்களையும் உள்விளிம்பு உட்பட விரலால் தடவிப் பாருங்கள், கம்பி தட்டுப்பட்டால் அந்த டயரோடு நெடுஞ்சாலை ஏறக் கூடாது. பிரேக் பெடலை இன்ஜின் ஓடும்போது அழுத்திப் பிடியுங்கள், பஞ்சு போலிருந்தால் பிரேக் ஆயில் கொதித்திருக்கலாம், மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. காரை அங்கேயே விட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

திங்கட்கிழமை கேம்பர் போல்ட்டின் பெயின்ட் கோட்டைப் பாருங்கள். விலகியிருந்தால் அலைன்மென்ட் கடைக்குப் போகும்வரை நோட்டில் அன்றைய நேரங்களுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். எந்த ஓட்டத்தில் நழுவியது என்று தெரியாததால், அந்த நாளின் எண்களை அடுத்த ஒப்பீட்டுக்கு எடுக்க வேண்டாம்.